கானாவில் குடலிறக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாவில் மாவட்ட மருத்துவமனைக்கு வரும் குடலிறக்க நோயாளிகளில் பலர் உழைப்பாளிகள். கவட்டில் எலுமிச்சை அளவு வீக்கமாக இருந்தபோதே வந்திருக்கலாம். வலி இல்லை, படுத்தால் உள்ளே போய்விடுகிறது, அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, பாதித் தொடை வரை தொங்கும்போது வருபவர்களும் உண்டு. அந்த அளவுக்கு இறங்கிய குடலைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்தால், உள்ளே இடம் போதாமல் மூச்சுவிடவே சிரமமாகலாம்.

வீக்கம் திடீரென்று கெட்டியாகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சிக்கிய குடலுக்கு ரத்தம் போகாமல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். ஆனால் வயிற்றுத் தொல்லை என்றதும் பல வீடுகளில் கை போவது பென்டோவாவுக்குத்தான். இஞ்சி, மூலிகைச் சாற்றை ஆசனவாய் வழியே ஏற்றும் ரப்பர் குமிழ் அது. அடைபட்ட குடலுக்கு அதனால் கெடுதல்தான். வீக்கத்தைப் பலம்கொண்டு அமுக்குவதும் அப்படியே.

அடுத்த தவறு, சிகிச்சை தருபவர்கள்கூடச் செய்வது. யானைக்கால் நோய்ப் புழு உள்ள பகுதி என்பதால் விரை வீங்கினாலே அந்தப் புழுவால் விரைப்பையில் நீர் கோத்திருக்கிறது என்று முடிவுகட்டி, ஊசியால் நீர் எடுக்கப் பார்ப்பார்கள். உள்ளே குடல் இருந்தால் அதில் ஓட்டை விழும். நோயாளியை நின்று இருமச் சொல்லி வீக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இருமும்போது உந்தினால், படுத்தால் குறைந்தால், வீக்கத்துக்கு மேலே விரல்களைச் சேர்க்க முடியாவிட்டால், பெரும்பாலும் குடலிறக்கம்தான்.

அறுவை சிகிச்சைக்குப் பயப்படத் தேவையில்லை. சிறிய குடலிறக்கத்துக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆண்மை போய்விடும் என்பது வீண் பேச்சு. குடல் இறங்கிய இடத்தில் வலைத்துணி வைத்துத் தைத்தால் திரும்ப வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் இதற்கென்றே விற்கும் வலைக்கு விலை அதிகம். அதனால் இந்தியாவில் தொடங்கிய கொசுவலைத் துணி முறை புர்கினா ஃபாசோவிலும் கானாவிலும் கையாளப்பட்டிருக்கிறது. சரி, எந்தக் கொசுவலையும் ஆகுமா? ஆகவே ஆகாது. வீட்டுக்குத் தரும் வலையில் பூச்சிமருந்து ஏற்றியிருக்கும். மருந்தேற்றாத, தேர்ந்தெடுத்த துணியைக் கிருமிநீக்கம் செய்துதான் வைப்பார்கள்.

அப்புறம் பணம். தேசிய சுகாதாரக் காப்பீட்டில் இந்த அறுவை சிகிச்சை அடங்கும். அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, குடல் சிக்கிக்கொண்ட இரவில் அதைத் தேடுவதுதான் சங்கடம்.