வீட்டையும் வெளியையும் நிழலால் இணைப்பது எப்படி?

வீட்டைத் தோட்டத்தோடு இணைத்துக் கட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும், கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி வைத்த படத்தைக் கைப்பேசியில் காட்டுகிறார்கள். குளிர்நாடுகளில் வெயிலை உள்ளே வரவழைக்க அது உதவும். சென்னையில் மேற்கு பார்த்த அப்படியொரு கூடத்தில் ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் உட்கார்ந்திருக்கிறேன். கனத்த திரைச்சீலையை இழுத்து மூடி, ஏசியை ஓடவிட்டு, பட்டப்பகலில் விளக்கெரிய விட்டிருந்தார்கள். பத்தடி தள்ளி நின்ற மாமரம் யார் கண்ணிலும் படவில்லை. நம் ஊரில் வீட்டையும் வெளியையும் சேர்த்து வைப்பது நிழல்தான். அதை எங்கே, எவ்வளவு அகலத்தில் வைப்பது என்பதை, சென்னைப் புறநகரில் 40 அடிக்கு 60 அடி உள்ள ஒரு கிரவுண்டு மனையை வைத்துப் பார்ப்போம்.

முதல் படி: மனையைக் கவனித்தல்

வரைபடம் போடுவதற்கு முன், காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய மூன்று வேளையும் மனையில் போய் உட்கார்ந்து, நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அடுத்த வீட்டுச் சன்னல் எதை நோக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். தாழ்ந்து வரும் மேற்கு வெயிலை அது தடுக்காது. ஆகவே மேற்கில் படிக்கட்டையும் குளியலறையையும் ஒதுக்கிவிட்டு, கோடைப் பிற்பகலில் கடற்காற்று வரும் தென்கிழக்கை நோக்கி வீட்டைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் சாரலும் கிழக்கிலிருந்துதான் அடிக்கும். காற்றை விட்டுச் சாரலைத் தடுக்க, நம் பழைய வீடுகள் கண்ட வழி தாழ்வாரம்.

இரண்டாம் படி: தாழ்வாரம்

பலரும் இதற்கு நான்கடி விட்டுப் பணத்தை மிச்சம் பிடித்ததாக எண்ணுகிறார்கள். நான்கடியில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அடுத்தவர் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். சில மாதங்களில் அங்கே துணி உலர்த்தும் கொடி மட்டுமே மிஞ்சும். ஆறடி விடுங்கள், எட்டடி கிடைத்தால் இன்னும் நல்லது. கூரையை இரண்டரை அடி வெளியே நீட்டி, ஓரத்தில் ஒன்றரை அடி உயரமும் இரண்டடி அகலமும் உள்ள திண்ணை கட்டினால், பாட்டி முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்வதற்கும், பேரன் பக்கத்திலேயே கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதுவதற்கும் அதுவே இடமாகிவிடும்.

மூன்றாம் படி: முற்றம்

நவீன நகர வீட்டுக்கு முற்றம் ஒத்துவராது என்பது தவறு. 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, பத்திக் துணிக் கலைஞர் எனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு முற்றத்தைச் சுற்றியே அமைந்தது. பிற்காலத்தில் அதைப் பிரித்தெடுத்து, பெந்தோட்டை அருகே பாவாவின் தோட்ட இல்லமான லுணுகங்கவில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

நம் மனைக்கு, சாப்பிடும் இடத்தை ஒட்டிப் பத்துக்குப் பன்னிரண்டடி முற்றம் போதும். நான்கு பக்கமும் மாடி எழுந்தால் அது கிணறுபோல இருண்டுவிடுமாதலால், ஒரு பக்கத்தையாவது தரைத்தளத்தோடு நிறுத்துங்கள். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்தச் சிறிய முற்றத்தில் மட்டும் ஏறத்தாழ 1,100 லிட்டர் தண்ணீர் விழும். சுற்றுக் கூரையின் தண்ணீரும் அதிலேயே இறங்கினால் அளவு பன்மடங்காகும். ஆகவே முற்றத்துத் தரையை ஆறு அங்குலம் தாழ்த்தி, தண்ணீர் ஓட ஒரு மூலைக்கு வாட்டம் (சரிவு) கொடுத்து, நான்கு அங்குலக் குழாய்கள் இரண்டை மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோங்கள். ஒன்று இலை அடைத்து நின்றாலும் மற்றொன்று வீட்டைக் காக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அந்தக் குழி எப்படியும் வேண்டியதுதான்.

நான்காம் படி: கதவும் தரையும்

நகர்த்தும் இரட்டைக் கதவு பாதி வழியைத்தான் திறக்கும்; மடக்குக் கதவு ஏறக்குறைய முழு வழியையும் திறந்துவிடும். கூடத்தின் வழவழப்பான டைல்ஸையே வெளியிலும் தொடராதீர்கள், ஈரத்தில் வழுக்கும். கூரைக்குக் கீழே சிமென்டில் கையால் வார்க்கும் ஆத்தங்குடிக் கல்லும், வானம் பார்த்த இடத்தில் சொரசொரப்பான கருங்கல்லும் பொருந்தும். தாழ்வாரத் தரை அறையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்து, வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கட்டும்.

கொசுவலைக் கதவையும், முற்றத்தின் மேல் வரும் இரும்புக் கம்பியையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். இவை இல்லாத வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் எல்லாக் கதவும் சாத்தப்பட்டுவிடும். மேற்கு எல்லையில் ஒரு புங்கமும், முற்றத்தில் ஒரு பவளமல்லியும் போதும்.

கடைசியாக, கடைக்கால் தோண்டுவதற்கு முன்பு கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போட்டதும், தாழ்வாரம் வரும் இடத்தில் நான்கு நாற்காலிகளைப் போட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து, ஒருவரை எழுந்து குறுக்கே நடந்துபார்க்கச் சொல்லுங்கள். கால் இடித்தால் அன்றைக்கே கோட்டை ஓரடி தள்ளிப் போடச் சொல்லிவிடலாம்.