'காப்ஸ்மாக்ட்': வாயடைத்துப் போகும் முன் கவனிக்க வேண்டியவை

பிரிட்டிஷ் பேச்சில் அடிக்கடி காதில் விழும் சொல் 'காப்ஸ்மாக்ட்'. திகைத்து வாயடைத்துப் போன நிலையைக் குறிக்கும். நம்மவர்கள் முதலில் சறுக்குவது 'காப்' என்ற பாதியில்தான். ஜி-ஓ-பி என்று எழுதும் இச்சொல்லுக்கு அமெரிக்காவில் 'உருண்டை, கட்டி' என்ற பொருள்தான் பெரிதும் வழங்குகிறது. அதை இங்கே பொருத்தினால் எதுவும் விளங்காது. இந்தக் 'காப்' வாய்தான். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 16ஆம் நூற்றாண்டு முதலே புழங்கும் வட்டாரச் சொல். பறவையின் அலகையும் வாயையும் குறிக்கும் ஒரு சொல் ஸ்காட்லாந்தின் 'கேலிக்' (Gaelic) மொழியில் உண்டு; அதிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். வாயை அடைக்கும் அளவுக்குப் பெரிய கெட்டி மிட்டாய்க்குக் 'காப்ஸ்டாப்பர்' என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

'ஸ்மாக்' என்றால் அறை. வாயில் அறை வாங்கியவன் போலப் பேச்சற்று நிற்பது என்று ஒரு விளக்கம். திகைப்பில் தன் வாயில் தானே கையை வைத்துப் பொத்திக்கொள்வது என்று இன்னொன்று. எதுவானாலும், தமிழாக்கும்போது அறையைக் கொண்டுவர வேண்டாம். 'வாயடைத்துப் போனேன்' என்பதில் வாயும் இருக்கிறது, திகைப்பும் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான தொடர் கிடைப்பது அரிது.

உச்சரிப்பில், கடைசியில் 'ஸ்மாக்கெட்' என்று இன்னோர் அசை சேர்ப்பது பிழை. 'க்' ஒலிக்குப் பின் வரும் இ-டி, 'ட்' என்று மட்டும் ஒலிக்கும்.

'வெரி காப்ஸ்மாக்ட்' என்பதும் இயல்பாக ஒலிக்காது. சொல்லிலேயே உச்சம் இருப்பதால் 'அப்சல்யூட்லி' அல்லது 'கம்ப்ளீட்லி' சேர்ப்பார்கள். அதேபோல் 'ஐ ஆம் காப்ஸ்மாக்கிங்' என்றால் 'நான் பிறரைத் திகைக்க வைக்கிறேன்' என்றாகிவிடும். திகைப்பவருக்கு 'காப்ஸ்மாக்ட்', திகைக்க வைக்கும் செய்திக்குக் 'காப்ஸ்மாக்கிங்'.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இடமறியாமல் பயன்படுத்துவது. 1980களில் செய்தித்தாள், தொலைக்காட்சி வழியே நாடெங்கும் பரவினாலும், இன்றும் இது பேச்சு வழக்குச் சொல்தான். வேலை விண்ணப்பத்தில் 'அஸ்டானிஷ்ட்' போதும். மரணச் செய்திக்கு எழுதும் இரங்கல் கடிதத்தில் இதைப் போட்டால் துக்கத்தை இலேசாக எடுத்துக்கொண்டது போலத் தொனிக்கும். 'காப்' என்பதைத் தனியே எடுத்து 'ஷட் யுவர் காப்' என்றால், அது 'வாயை மூடுடா' என்பதற்குச் சமம். பெரியவர்களிடம் வாய் தவறியும் வரக்கூடாது.