பதினேழாம் நாளிலிருந்து: துக்கத்தில் இருப்பவருக்குத் துணையாக இருப்பது எப்படி?

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "போய்வருகிறேன்" என்று சொல்லக் கூடாது என்பது நம் ஊர்களில் எழுதாத விதி. வந்தவர் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார், பிறகு சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார். அன்றைக்கு அது சரிதான். ஆனால் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனபின் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவர்களே அதிகம். பதினாறாம் நாள் காரியமோ நாற்பதாம் நாள் பாத்திஹாவோ, எதுவானாலும் பந்தலைப் பிரித்து நாற்காலிகளை வண்டியில் ஏற்றிய மறுநாள்தான் வீடு வெறிச்சோடுகிறது என்பதால், உதவ நினைப்பவர் தம் கணக்கை அந்த நாளிலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் சில நாட்களில் செய்ய வேண்டியவை சிறியவை. என் அப்பா இறந்தபோது வந்தவர்கள் எல்லோரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள், அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார், இரண்டாம் நாள் மாலைக்குள் அது மனப்பாடம் செய்த பாடம்போல ஒரே சொற்களில் வரத் தொடங்கிவிட்டது. அத்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்துவந்து, "அண்ணி, சர்க்கரை மாத்திரை போட்டீங்களா?" என்றார். இரண்டு நாட்களாகப் போடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆகவே விவரம் வேண்டுமானால் வீட்டின் தூரத்து உறவினர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனால் அவர்கள் சாப்பிட்டார்களா, மருந்து எடுத்தார்களா, சற்றேனும் கண்ணயர்ந்தார்களா என்று பாருங்கள்.

என்ன பேசுவது என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்தத் தயக்கத்தில்தான் "எல்லாம் விதி", "வயசானவர், கல்யாணச் சாவு", "நீ அழுதால் பிள்ளைகளை யார் பார்ப்பது?" போன்றவை வாயில் வந்துவிடுகின்றன. சொல்பவருக்கு ஆறுதலாகத் தோன்றும் இவை, கேட்பவருக்கு "போதும், நிறுத்து" என்றே ஒலிக்கும். எண்பது வயதில் இறந்த தாயும் தாய்தான். ஒன்றும் தோன்றவில்லையென்றால் பக்கத்தில் பேசாமல் உட்காரலாம். நம்மிடம் அதற்கு வழக்கமே இருக்கிறது. "எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்பதும் வேண்டாம். துக்கத்தில் இருப்பவரால் பட்டியல் போட்டுக் கேட்க முடியாது. "வியாழக்கிழமை காலை நான் வந்து பையனைப் பள்ளியில் விடுகிறேன்" என்று நாளையும் வேலையையும் சேர்த்துச் சொன்னால், அவர் தலையை அசைத்தால் போதும்.

உண்மையில் ஆள் தேவைப்படுவது காகித வேலைக்கு. மருத்துவமனையில் நேர்ந்த இறப்பை மருத்துவமனையே பதிவுக்கு அனுப்பிவிடும். வீட்டில் நேர்ந்ததைக் குடும்பத்தார்தான் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் கட்டணம் உண்டு, ஓராண்டைக் கடந்துவிட்டால் தனியே உத்தரவு வாங்க அலைய வேண்டியிருக்கும். சான்றிதழில் பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பதியும்போதே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக ஆறு மாதம் அலைந்த குடும்பங்கள் உண்டு. பிறகு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, வங்கி, காப்பீடு, குடும்ப ஓய்வூதியம், குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் என்று வரிசையாக வரும். இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தடுத்துவிடுங்கள், பின்னால் அதுவே வாரிசுகளுக்குள் வழக்காகும். ஒவ்வொரு சன்னலிலும் "இறந்துவிட்டார்" என்று மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருப்பதே பெரிய வதை. கூடப் போகிறவர் அந்த ஒரு சொல்லைத் தாம் சொல்லிவிட்டால், கையெழுத்து மட்டும் அவர்கள் போடலாம்.

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் உண்டு, வரிசையாக ஏறி முடிக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் பலர். 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அவற்றை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. உறவை இழந்தவர்களுக்கான கால அட்டவணையாக அல்ல. 1999இல் உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் முன்வைத்த விளக்கம் நாம் வீட்டில் காண்பதோடு கூடுதலாகப் பொருந்துகிறது. இழப்பில் மூழ்குவதும் அன்றாட வேலைகளுக்குத் திரும்புவதுமாக மனம் மாறிமாறி ஊசலாடும் என்கிறார்கள் அவர்கள். காலையில் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்தவர் மாலையில் கொடியில் கிடக்கும் வேட்டியைப் பார்த்து உடைந்துபோவதில் முரண் ஏதும் இல்லை. "அதற்குள் சிரிக்கிறாளே" என்று முணுமுணுக்கும் உறவினர் பக்கத்திலிருந்தால் பேச்சை மாற்றுவதும் ஓர் உதவிதான்.

குழந்தைகளிடம் "அப்பா தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். முதலாவது உறக்கத்தைக் கண்டு பயப்பட வைக்கும், இரண்டாவது வாசலைப் பார்த்துக் காத்திருக்க வைக்கும். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டார் என்று எளிமையாகச் சொல்லி, அதே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் அதே பதிலைக் கொடுங்கள். ஆண்களைப் பொறுத்தவரை, கொள்ளி வைத்தவனிடம் யாரும் துக்கம் கேட்பதில்லை. எல்லோரும் செலவுக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். அவனைத் தனியே டீக்கடைக்கு அழைத்துப் போங்கள்.

அழுகையும் ஏக்கமும் நோய் அல்ல. ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாகியும், அவர்கள் சமூக வழக்கத்துக்கு மிஞ்சிய அளவில், அன்றாட வாழ்வே நடக்காதபடி துயரம் நீடித்தால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறிப்பிடுகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. "நானும் அவரோடு போய்விடுகிறேன்" என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 எண்ணில் அழைத்து எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அந்த ஆண்டு அவர்கள் பண்டிகை கொண்டாடமாட்டார்கள், பலகாரமும் சுடமாட்டார்கள். முறுக்கையும் அதிரசத்தையும் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் உள்ளே போய் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள். கணவனை இழந்தவர் என்றால், உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அவர் கையிலேயே கொடுத்து, முன்வரிசையில் உட்கார வையுங்கள். கொடுத்தால் சங்கடப்படுவாரோ என்ற யோசனை பெரும்பாலும் நம் சங்கடம்தான். இறந்த தேதியைக் கைபேசியில் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு அந்த நாளில் அழையுங்கள். "இன்று முருகேசன் அண்ணன் நினைவாகவே இருக்கிறது" என்று பெயரைச் சொல்லித் தொடங்கினால், மீதியை அவர்கள் பேசிக்கொள்வார்கள்.