டெர்மினலில் கோப்புகளை இடம் மாற்றுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளைச் சுட்டியால் இழுத்துப் போடுவது எளிது. ஆனால் நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பெயர்வாரியாகப் பிரித்து வெவ்வேறு இடங்களில் வைக்கவேண்டிய நிலை வரும்போது, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் சாளரமான டெர்மினலில் ஒரே வரியில் அந்த வேலை முடிந்துவிடும். அங்கே நாம் கொடுக்கும் கட்டளை கேள்வியின்றி உடனே நிறைவேறும் என்பதால், செய்வதற்கு முன் பார்ப்பதும் செய்தபின் சரிபார்ப்பதும் முதல் நாளிலேயே பழகவேண்டியவை. இந்த விளக்கம் உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. கட்டளைப் பெயர்களையும் அவற்றின் விருப்பங்களையும் ஒலிப்பு முறையில் தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்கையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவே இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். கோப்பு, கோப்புறைப் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம்.

படி 1: இருக்கும் இடத்தை அறிதல்

கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். "பிடபிள்யூடி" என்று அடித்தால் நீங்கள் எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறீர்கள் என்பதும், "எல்எஸ்" என்று அடித்தால் அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்பதும் தெரியும்.

படி 2: பயிற்சிக்கென ஓர் இடம்

உண்மையான ஆவணங்களில் பழகுவதைத் தவிர்த்து, வெற்றுக் கோப்புகளை உருவாக்கிக்கொள்வோம்.

எம்கேடிஐஆர் பயிற்சி
சிடி பயிற்சி
டச் கடிதம்-1 கடிதம்-2 கடிதம்-3
எம்கேடிஐஆர் பழையவை

முதல் வரி கோப்புறையை உருவாக்குகிறது, இரண்டாவது அதற்குள் நம்மைக் கொண்டு செல்கிறது, மூன்றாவது மூன்று வெற்றுக் கோப்புகளைத் தருகிறது. பெயருக்குள் இடைவெளி இருந்தால் ஷெல் (நாம் அடிக்கும் வரியைப் படித்து நிறைவேற்றும் நிரல்) அதை இரண்டு பெயர்களாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அத்தகைய பெயர்களை மேற்கோள் குறிகளுக்குள் அடைக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு) ஒரு பெயரின் உச்ச நீளம் 255 பைட்டுகள். தமிழ் யூனிகோடின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், "தமிழ்" என்ற சொல்லுக்கே 15 பைட்டுகள் ஆகின்றன. எனவே கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக வைப்பதைத் தவிர்க்கலாம்.

படி 3: நகர்த்துதல்

எம்வி கடிதம்-1 பழையவை/
எல்எஸ் பழையவை

எம்வி கட்டளையில் கடைசியாக வருவதே சேரிடம். அதற்கு முன் வருபவை எல்லாம் நகர்த்தப்படுபவை. கோப்பைத் திரும்பக் கொண்டுவர "எம்வி பழையவை/கடிதம்-1 ." என்று அடிக்கலாம். இறுதியில் உள்ள ஒற்றைப் புள்ளி இப்போது இருக்கும் கோப்புறையையும், இரட்டைப் புள்ளி அதற்கு ஒருபடி மேலே உள்ள கோப்புறையையும் குறிக்கும்.

சேரிடத்தின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. இல்லாத ஒரு கோப்புறையின் பெயரைச் சாய்கோடின்றிக் கொடுத்து "எம்வி கடிதம்-1 புதியவை" என்று அடித்தால், எந்தப் பிழைச் செய்தியும் வராது. கடிதம்-1 என்ற கோப்பின் பெயர் "புதியவை" என்று மாறிவிடும். எம்வி கட்டளையே பெயர் மாற்றும் கட்டளையாகவும் இருப்பதால் இது நேர்கிறது. சாய்கோடு இட்டிருந்தால், அப்படி ஒரு கோப்புறை இல்லை என்று ஷெல்லில் பிழை காட்டப்பட்டு வேலை நின்றுவிடும். கோப்பும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.

சேரிடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், புதியது அதன்மேல் எழுதப்பட்டுப் பழையது அழிந்துவிடும். இதைத் தடுக்க "எம்வி -ஐ" என்று எழுதினால் மேலெழுதுவதற்கு முன் உங்களிடம் கேட்கும். "எம்வி -என்" என்று எழுதினால் மேலெழுதவே எழுதாது. தொடக்கநிலையில் எப்போதும் "-ஐ" சேர்த்தே எழுதுமாறு பரிந்துரைக்கிறேன்.

படி 4: பலவற்றை ஒரே வரியில் நகர்த்துதல்

நட்சத்திரக் குறி எந்த எழுத்துத் தொடருக்கும் பொருந்தும். ஆகவே "கடிதம்*" என்பது அந்தப் பெயரில் தொடங்கும் எல்லாக் கோப்புகளையும் குறிக்கும். இந்தக் குறியை விரித்து முழுப் பெயர்களாக மாற்றுவது ஷெல். எம்வி கட்டளைக்குக் கிடைப்பது விரித்த பெயர்ப் பட்டியல் மட்டுமே. இதை அறியாதவர்களுக்கே பெரிய இழப்பு நேர்கிறது. சேரிடத்தை மறந்து "எம்வி கடிதம்*" என்று மட்டும் அடித்ததாகக் கொள்வோம். பொருந்தும் கோப்புகள் மூன்று இருந்தால் கடைசிப் பெயர் கோப்புறை அல்ல என்ற பிழை வரும். இரண்டே இருந்தாலோ, முதல் கோப்பு இரண்டாவதன் பெயரை ஏற்று அதன்மேல் எழுதப்பட்டுவிடும், இரண்டாவது கோப்பின் உள்ளடக்கம் திரும்பக் கிடைக்காது.

ஆகவே முதலில் எக்கோ கட்டளையை முன்னால் வைத்து ஒத்திகை பாருங்கள்:

எக்கோ எம்வி -ஐ கடிதம்* பழையவை/

எதுவும் நகராது, ஷெல் விரித்த முழு வரி மட்டும் திரையில் தெரியும். அது சரியாக இருந்தால் எக்கோவை நீக்கிவிட்டு அடிக்கலாம். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளுக்கு நட்சத்திரக் குறி இயல்பாகப் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 5: நகலெடுத்தல்

"சிபி" கட்டளையும் எம்வி போலவே எழுதப்படும். கோப்புறையை நகலெடுக்க "-ஆர்" தேவை; திருத்திய நேரம், அனுமதிகள் ஆகியவற்றையும் அப்படியே காக்க "-ஏ" மேலானது.

படி 6: பென்டிரைவுக்குக் கொண்டுசெல்லுதல்

ஒரே கோப்பு முறைமைக்குள் எம்வி எவ்வளவு பெரிய காணொளியையும் நொடியில் நகர்த்திவிடும். தரவு வட்டில் இருந்த இடத்திலேயே இருக்க, அது எந்தக் கோப்புறையில் உள்ளது என்ற பதிவு மட்டுமே மாறுவது இதற்குக் காரணம். பென்டிரைவு வேறொரு கோப்பு முறைமை என்பதால், அங்கே எம்வி முதலில் நகலெடுத்துப் பின்னர் மூலத்தை அழிக்கிறது. எனவே முக்கியமான கோப்புகளுக்கு இவ்விரண்டையும் நாமே பிரித்துச் செய்வது நல்லது. உபுண்டுவில் பென்டிரைவு "மீடியா" (இது ஆங்கிலத்திலேயே அடிக்க வேண்டிய பெயர்) என்ற கோப்புறைக்குள், உங்கள் பயனர் பெயரின் கீழ் தோன்றும். நீண்ட பாதையை முழுவதும் அடிக்காமல், முதல் சில எழுத்துகளுக்குப் பின் டேப் விசையை அழுத்தினால் ஷெல்லே நிரப்பிவிடும்.

பழையவை கோப்புறையை "சிபி -ஆர்" கொண்டு அங்கே நகலெடுங்கள். எழுதவேண்டிய தரவு சிறிது நேரம் கணினியின் நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும் என்பதால், பென்டிரைவை முறைப்படி வெளியேற்றி மீண்டும் செருகுங்கள். அதன்பின் "டிஃப் -ஆர்" என்று அடித்து மூலக் கோப்புறையின் பாதையையும் நகலின் பாதையையும் கொடுங்கள். வேறுபாடு இருந்தால் அது திரையில் பட்டியலிடப்படும். எதுவும் வராவிட்டால் இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றே.

அதற்குப் பிறகே மூலத்தை நீக்கலாம். "ஆர்எம் -ஆர்" நிரந்தரமாக அழித்துவிடும். குப்பைத்தொட்டியில் தேடினாலும் கிடைக்காது. அதற்குப் பதிலாக "ஜியோ டிராஷ் பழையவை" என்று, முதல் சொல்லை ஜி, ஐ, ஓ என்ற எழுத்துகளால் எழுதி, இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நடுவே இடைவெளி விட்டு அடித்தால், கோப்புறை குப்பைத்தொட்டிக்குச் செல்லும், தேவைப்பட்டால் அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம்.