கடுக்காய்ப் பொடி: கொட்டை நீக்கி வீட்டிலேயே இடிப்பது எப்படி?

கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள். கடுக்காயின் கொட்டையும் சுக்கின் மேல்தோலும் மருந்தில் சேரக் கூடாது என்று பொருள். முதல்முறை செய்கிறவர்கள் முழுக்காயை அப்படியே மிக்ஸியில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், கொட்டையைச் சுற்றியிருக்கும் சதைதான் மருந்து.

முதலில் காயைப் பொறுக்குங்கள். நல்ல காய் கையில் கனக்கும், மேலே வரிவரியாக மேடு ஓடியிருக்கும். பூச்சி துளைத்ததை ஒதுக்கிவிட்டு, மீதியைத் துடைத்து ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள்.

அடுத்து உடைப்பது, இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஓங்கி ஒரே போடாகப் போட்டால் கொட்டையும் நொறுங்கிச் சதையோடு கலந்துவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. காயைப் படுக்க வைத்து, உருட்டி உருட்டி லேசாகத் தட்டினால் சதை சில்லுசில்லாகக் கழன்று வரும், உள்ளே வெளிறிய நிறத்தில் கொட்டை கெட்டியாக நிற்கும். அதை எறிந்துவிடுங்கள். சில்லுகளை மறுபடி காய வைத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு வையுங்கள்.

மலச்சிக்கலுக்கு இரவு படுக்கும் முன் கால் டீஸ்பூன் பொடியை வெந்நீரில் கலந்து குடிப்பது வழக்கம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதற்கு மேல் வேண்டாம். வாய்ப்புண், ஈறு வீக்கம் என்றால் ஒரு டீஸ்பூன் பொடியை ஒரு தம்ளர் நீரில் பாதியாகச் சுண்ட வைத்து, வடிகட்டி, ஆறியதும் வாய் கொப்பளிக்கலாம். வாயில் வைத்ததும் நாக்கு இழுத்துப் பிடிக்கும், அந்தத் துவர்ப்பைத் தருவது டானின், ஈறு இறுகுவதும் அதனால்தான். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் அதே டானின் இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும், எவர்சில்வர் பாத்திரமே போதும்.

கர்ப்பிணிகள், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது. தினமும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தால் கொப்பளித்துக்கொண்டே நாளைக் கடத்தாமல் பல் மருத்துவரைப் பாருங்கள்.

கை பழகியதும், இதோடு நெல்லிக்காய், தான்றிக்காய் பொடிகளைச் சம அளவு சேர்த்தால் திரிபலா. அந்த இரண்டிலும் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் அரைக்க வேண்டும்.