கல்லீரல் தட்டைப்புழு: மருந்துக்கு முன் நத்தையைத் தேடுங்கள்

மாடு, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றைத் தாக்கும் கல்லீரல் தட்டைப்புழு, நன்னீர் நத்தை ஒன்றின் உடலுக்குள் வளராமல் அடுத்த கால்நடைக்குப் போக முடியாது. ஆகவே தடுப்பு வேலை மருந்துப் புட்டியில் அல்ல, மேய்ச்சல் நிலத்தின் ஈரமான மூலைகளில் தொடங்குகிறது.

சாணத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமும் மிதமான வெப்பமும் கிடைத்தால் ஏறத்தாழ 10 முதல் 12 நாட்களில் பொரிக்கும். 10 பாகை செல்சியசுக்குக் கீழே அது வளர்வதில்லை. வெளிவரும் இளவுயிரி ஏறக்குறைய ஒரு நாளுக்குள் நத்தையை அடையாவிட்டால் இறந்துவிடும். அடைந்துவிட்டாலோ, ஒற்றை இளவுயிரி குறைந்தது ஆறேழு வாரங்களில் நூற்றுக்கணக்காகப் பெருகி, நத்தையை விட்டு நீந்தி வந்து, புல்லின் தண்டில் உறையிட்டு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை மேயும் கால்நடைக்குத் தொற்று ஏற்படுகிறது.

எனவே வாய்க்கால் ஓரம், தண்ணீர்த் தொட்டி கசியும் இடம், குளம்பு பதிந்து நீர் தேங்கிய குழிகள் ஆகியவற்றைக் குனிந்து பாருங்கள். இந்த நத்தையின் பழுப்பு நிறமான மெல்லிய கூம்பு ஓட்டினை, கூர்முனை மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் பிடித்தால், வாய் வலப்புறம் அமைந்திருக்கும். சிலவகை நத்தைகள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை என்பதால், நின்றபடி பார்ப்பவருக்கு அவை தென்படா. இத்தகைய இடங்களுக்கு வேலி போடுவது, கசிவை அடைப்பது, தேங்கும் நீரை வடியவிடுவது ஆகியவையே நீடித்த பலன் தரும். நத்தையைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மீன்களைக் கொல்லும், செம்மறியாட்டுக்கும் நஞ்சாகும்.

மெலிவு, வெளிறிய கண்ணிமை உட்புறம், தாடைக்கடியில் நீர் கோத்த வீக்கம், பால் குறைவு ஆகியவை நாட்பட்ட தொற்றைக் காட்டும். செம்மறியாடுகளில் ஏராளமான இளம்புழுக்கள் ஒரே சமயத்தில் கல்லீரலைத் துளைத்தால், இந்த அறிகுறிகள் தோன்றுமுன்பே திடீர் இறப்பு நேரலாம். அப்போது சாணத்தில் முட்டையும் இருக்காது, ஏனெனில் தொற்றிய பின் முட்டையிடப் புழுவுக்குப் பத்து வாரங்களுக்கு மேல் ஆகும். சாணப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது படியவைத்துப் பார்க்கும் முறையைக் கேளுங்கள், எடை மிகுந்த இம்முட்டைகள் வழக்கமான மிதவை முறையில் எளிதில் தப்பிவிடும்.

மருந்தைப் புழுவின் வயதுக்கு ஏற்பவே தேர்ந்தெடுக்க வேண்டும். டிரைகிளாபெண்டசோல் மிக இளம்புழுக்களையும் கொல்லும். ஆக்சிகுளோசனைடும் அல்பெண்டசோலும் பெரும்பாலும் முதிர்ந்த புழுக்களையே தாக்கும் என்பதால், திடீர் நோயில் அவற்றை நம்பியிருக்க முடியாது. டிரைகிளாபெண்டசோலுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற புழுக்களும் பல நாடுகளில் உள்ளன. ஆகவே சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனை அவசியம். உடல் எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். குறிப்பாகக் குளோசன்டெல் என்ற மற்றொரு தட்டைப்புழு மருந்தின் அளவு மீறினால் ஆடுகள் பார்வை இழக்கக்கூடும். கறவை மாடாக இருந்தால், எந்த மருந்தைக் கொடுக்கலாம், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதையும் கேட்டறியுங்கள்.

மருந்து கொடுத்த மந்தையை அதே சதுப்பில் திரும்ப மேயவிட்டால் தொற்று மீண்டும் தொடங்கும், ஏனெனில் இம்மருந்துகளில் பலவும் உடலில் நீண்ட நாள் தங்கிப் பாதுகாப்பதில்லை. ஈரப்பகுதியில் அறுத்த புல்லையும் பச்சையாகப் போடாமல், நன்கு உலர்த்திய பிறகே தீவனமாகக் கொடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த புல்லில் உறையிட்ட இளம்புழுக்கள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.