ஸ்காட்லாந்து உழவுக் கூலியின் வீடு: நாம் தவறாகப் படிக்கும் இடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கிராமம் என்றவுடன் மலைநாட்டுக் குடிசையும் கேலிக் மொழியும் கில்ட் உடையும் நம் மனத்தில் வந்து நின்றுவிடுகின்றன. முதல் தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது. சிறு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த மலைநாட்டுக் கிராஃப்டர் வேறு, பெரிக்‌ஷயர், கிழக்கு லோதியன் போன்ற தாழ்நிலப் பகுதிகளில் பெரும் பண்ணைகளில் ஏர் ஓட்டிய கூலி வேறு. கிராஃப்டருக்கு நிலத்தில் நிலைத்த உரிமை தந்த 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஸ்காட்ஸ் மொழி பேசிய இந்தத் தாழ்நில உழவருக்கு ஒரு சாண் நிலமும் கிடைக்கவில்லை.

‘ஹைண்ட்’ எனப்பட்ட மணமான உழவரைப் பண்ணையாள் என்று தமிழில் எழுதலாம். ஆனால் அந்தச் சொல்லோடு நம் நினைவில் ஒட்டியிருக்கும் பரம்பரைக் கொத்தடிமைத்தனத்தையும் அவர் மீது ஏற்றிவிடக் கூடாது. அவர் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்தார். அது முடிந்ததும், மே மாதத்தில் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு பண்ணைக்குப் போக முடிந்தது. ஆகவே பிள்ளைகள் மூவர் மூன்று ஊர்களில் பிறந்திருந்தால், அதை வைத்தே அக்குடும்பம் நொடித்துப்போனது என்று முடிவுகட்ட வேண்டாம்.

கூலியைப் பவுண்டுக் கணக்கில் மட்டும் பார்ப்பதும் ஏமாற்றிவிடும். ஓட்ஸும் பார்லியும் பட்டாணியும், ஒரு பசுவுக்கான தீனியும், உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலமும் சேர்ந்ததே ஹைண்டின் கூலி. தனியாட்களாகக் கூடித் தங்கிய மணமாகாத உழவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு ஆறரை ‘போல்’ ஓட்ஸ் மாவு வழக்கமான அளவு. ஒரு போல் 140 பவுண்டு எடை என்பதால், மொத்தம் ஏறத்தாழ 410 கிலோ.

எல்லாவற்றையும்விட அதிகம் தடுமாற வைப்பது மக்கள்தொகைக் கணக்கேட்டில் வரும் ‘வேலைக்காரி’ என்ற சொல்தான். ஓர் அறை வீட்டில் கணவன், மனைவி, நான்கு பிள்ளைகளோடு பதினேழு வயது வேலைக்காரி ஒருத்தியின் பெயரும் இருந்தால், வசதியான வீடு போலும் என்று நினைக்கத் தோன்றும். தென்கிழக்கில் ஹைண்ட் தன் உழைப்போடு வயல்வேலைக்கு ஒரு பெண்ணையும் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மகளோ தங்கையோ இல்லாதபோது வெளியிலிருந்து ஒருத்தியை அமர்த்தி, சோறும் படுக்கையும் கூலியும் தன் கையிலிருந்தே கொடுத்தார். ‘பாண்டேஜர்’ எனப்பட்ட அவள் பண்ணையாரின் வயலில் களை கொத்தினாள். இரவில், அறையை இரண்டாகத் தடுக்கும் மரப்பெட்டிக் கட்டில்களுக்கு இடையில் இந்தக் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டாள். ஹைண்டுகள் இந்த நிபந்தனையை வெறுத்தார்கள். 1860களில் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். என் கணிப்பில், அந்த ஒற்றைச் சொல்லைச் சரியாகப் படிக்காதவர் அந்த வீட்டுக்குள் நுழையவே இல்லை.

அறை எண்ணிக்கையிலும் எச்சரிக்கை தேவை: 1861 முதல் கணக்கேட்டில் எண்ணப்பட்டவை சன்னல் உள்ள அறைகள் மட்டுமே. 1841 கணக்கேட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதுவது விதி. 38 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார்.

மணமான பெண்ணைக் கணவரின் குடும்பப் பெயரில் மட்டும் தேடக் கூடாது. ஸ்காட்லாந்துப் பதிவேடுகளிலும் கல்லறைகளிலும் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரே நிற்பதுண்டு. ஒரே பெற்றோருக்கு இரண்டு ஜேம்ஸ் பதிவாகியிருந்தால் எழுத்தர் மீது பழி போட வேண்டாம்: முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை வைப்பது வழக்கம் என்பதால், அந்தக் குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறந்தவனுக்கு அதே பெயர் மீண்டும் வைக்கப்பட்டது.